1 டிபி எஸ்எஸ்டி போட்டார்கள், 475 ஜிபிதான் காட்டுகிறது: ரிப்பேர் ஆகி வந்த லேப்டாப்

ஈஜிபுரா_கவிதா

வணக்கம். தங்கை ஆர்க்கிடெக்சர் படிக்கிறாள். அவள் லேப்டாப் கீபோர்டில் டீ கொட்டி பாதி எழுத்து விழவில்லை. பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையில் கொடுத்தோம். உள்ளே இருந்த 512 ஜிபி எஸ்எஸ்டி ஏற்கனவே நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. எப்படியும் திறக்கிறார்கள், அதோடு 1 டிபி-யும் போட்டுவிடலாம் என்று சொன்னோம். "உள்ள இருக்கிறது எதுவும் போகாது, அப்படியே காப்பி பண்ணித் தர்றோம்" என்றார்கள்.

சொன்னபடி வால்பேப்பர் முதற்கொண்டு எல்லாம் அப்படியே இருக்கிறது. ஆனால் திஸ் பிசி-யைத் திறந்தால் சி டிரைவ் 475 ஜிபி, அதில் 11 ஜிபி மட்டும் ஃப்ரீ, அதே சிவப்புக் கோடு. வேறு டிரைவே இல்லை. பில்லில் 1 டிபி என்று எழுதிக் காசு வாங்கியிருக்கிறார்கள். போன் செய்தால் "விண்டோஸ் கொஞ்சம் இடம் எடுத்துக்கும் மேடம்" என்று சொல்லி வைத்துவிட்டார். பாதி டிஸ்க்கையா எடுத்துக்கொள்ளும்? ஏமாந்துவிட்டோமா? வெள்ளிக்கிழமை அவளுக்கு சப்மிஷன் வேறு.

கோரமங்களா_கோபி

இதில் கேட்க என்ன இருக்கிறது? பழைய 512-ஐயே திரும்ப மாட்டிவிட்டு 1 டிபி-க்குப் பில் போட்டிருக்கிறார்கள். நேராகப் போய்க் கவுன்டரில் வைத்து எல்லார் முன்னாலும் கேளுங்கள். மசியவில்லை என்றால் நுகர்வோர் உதவி எண் 1915. பில் கையில் இருக்கிறது அல்லவா, அது போதும்.

பைனரி_பாலா

கோபி, கொஞ்சம் பொறுங்கள். முதலில் எண்ணைப் பார்ப்போம்.

டிஸ்க் தயாரிப்பவர்கள் ஆயிரக் கணக்கில் எண்ணுகிறார்கள். அவர்களுக்கு 1 டிபி என்றால் ஒரு லட்சம் கோடி பைட். விண்டோஸ் 1024 கணக்கில் வகுக்கிறது. அதற்கு ஒரு ஜிபி என்பது 107 கோடிச் சொச்சம் பைட். அதனால் 1 டிபி டிஸ்க் விண்டோஸில் 931 ஜிபி என்றும், 512 ஜிபி டிஸ்க் 476 அல்லது 477 என்றும் தெரியும். யாரும் எதையும் திருடவில்லை, அளவுகோல் வேறு, அவ்வளவுதான். 1024 கணக்குக்கு ஜிபிபைட் என்று 1998-லேயே ஐஇசி என்ற சர்வதேசத் தர அமைப்பு தனிப் பெயர் வைத்தது. விண்டோஸ் இன்றுவரை ஜிபி என்றே எழுதுகிறது. மேக்கில் 2009-இல் வந்த ஸ்னோ லெப்பர்டிலிருந்து ஆயிரக் கணக்குதான்.

கவிதா விஷயத்தில் இந்த 931 விளக்கம் மட்டும் போதாது. 475 என்பது 931-இல் ஏதோ குறைந்து வந்த எண் போல இல்லை, அச்சு அசலாக 512-இன் எண். ஆகவே இரண்டில் ஒன்று. டிஸ்க்கே 512-ஆக இருக்க வேண்டும், அல்லது 1 டிபி டிஸ்க்கின் மேல் 512-இன் வரைபடத்தை அப்படியே ஒட்டியிருக்க வேண்டும். விண்டோஸ் "கொஞ்சம் எடுத்துக்கொள்ளும்" என்ற கடைக்காரர் பதில் எதற்கும் பொருந்தாது.

எஸ்பிரோடு_வாசி

அந்த ரோட்டில் பல வருடம் பெஞ்ச்சில் உட்கார்ந்து வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். இரண்டாவதுதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

கடைகளில் டிஸ்க் காப்பி செய்ய ஒரு டாக் வைத்திருப்பார்கள். இரண்டு ஸ்லாட், நடுவில் ஒரு குளோன் பட்டன், கம்ப்யூட்டரே தேவையில்லை. பழையதை ஒரு பக்கம், புதியதை ஒரு பக்கம் செருகி பட்டனை அமுக்கிவிட்டு டீ குடிக்கப் போகலாம். பழைய டிஸ்க்கில் முதல் செக்டாரிலிருந்து கடைசி செக்டார் வரை என்ன இருந்ததோ அதைப் புதியதில் எழுதி முடித்ததும் நின்றுவிடும். புதியது பெரியதா சிறியதா என்ற கவலை அதற்குக் கிடையாது. மீதி இடம் யாருக்கும் சொந்தமில்லாமல் கடைசியில் கிடக்கும். மென்பொருள் வைத்துச் செய்தாலும் இதே கதை நடக்கலாம். குளோன்ஜில்லாவில் எதையும் மாற்றாமல் எண்டர் எண்டராகத் தட்டிக்கொண்டே போனால் பழைய பார்ட்டிஷன் டேபிளைத்தான் (டிஸ்க் எப்படிப் பகுதி பகுதியாகப் பிரிந்திருக்கிறது என்ற பட்டியல்) போடும். புது டிஸ்க்குக்கு ஏற்ற விகிதத்தில் பெரிதாக்கத் தனியாக ஒரு ஆப்ஷன் இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் சி-யை நீட்டிக் கொடுப்பது கடைக்காரன் பொறுப்பு. லேப்டாப் ஆன் ஆகி டெஸ்க்டாப் வந்துவிட்டால் பையில் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். சோம்பேறித்தனம்தான், திருட்டு என்று இப்போதே சொல்ல முடியாது.

கவிதா, ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட் திறங்கள். மேலே இருக்கும் பட்டியலை விடுங்கள். கீழே இடது ஓரத்தில் சாம்பல் நிறப் பெட்டியில் "டிஸ்க் 0" என்று இருக்கும். அதற்குள் இருக்கும் எண்ணையும், அதன் வலப்பக்கம் வரிசையாக என்னென்ன பெட்டிகள் என்பதையும் இடமிருந்து வலமாக எழுதுங்கள். படிக்க மட்டும்தான், எதையும் கிளிக் செய்து மாற்ற வேண்டாம்.

ஈஜிபுரா_கவிதா

பார்த்தேன் அண்ணா. சாம்பல் பெட்டியில்: டிஸ்க் 0, பேசிக், 931.51 ஜிபி, ஆன்லைன்.

வலப்பக்கம் முதலில் 260 எம்பி, இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன். அடுத்து சி, 475.69 ஜிபி. அதன்பின் 1000 எம்பி, ரிகவரி பார்ட்டிஷன். கடைசியில் மேலே கறுப்புப் பட்டையோடு 454.57 ஜிபி, அன்அலகேட்டட்.

அப்படியென்றால் டிஸ்க் 1 டிபி-தானா? சி மேல் ரைட் கிளிக் செய்து பார்த்தேன், எக்ஸ்டெண்ட் வால்யூம் மங்கலாக இருக்கிறது, அழுத்தவே முடியவில்லை. (கிளிக் செய்யாதே என்றீர்கள், சும்மா பார்த்தேன்!)

பைனரி_பாலா

475.69, 454.57, 260 எம்பி, 1000 எம்பி. கூட்டினால் 931.5 வந்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத 16 எம்பி பார்ட்டிஷன் ஒன்றும் இருக்கும், மைக்ரோசாஃப்ட் ரிசர்வ்டு என்று பெயர், டிஸ்க் மேனேஜ்மென்ட் அதைக் காட்டாது. ஒரு ஜிபி கூடக் காணாமல் போகவில்லை.

கோரமங்களா_கோபி

டிஸ்க் 1 டிபி என்பது சரி. புதுசு என்று யார் சொன்னது? யாரோ கழற்றிப் போட்ட பழைய டிஸ்க்கைத் துடைத்து மாட்டியிருந்தால்? அதையும் பார்த்துவிடுங்கள்.

எஸ்பிரோடு_வாசி

நியாயமான கேள்வி. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. திறந்ததும் மாடல், சீரியல் நம்பர், பவர் ஆன் ஹவர்ஸ், பவர் ஆன் கவுண்ட், மொத்தம் எவ்வளவு எழுதப்பட்டது என்பதெல்லாம் ஒரே திரையில் தெரியும். நேற்று மாட்டிய டிஸ்க்கில் ஓடிய மணிநேரம் மிகச் சொற்பமாகத்தான் இருக்க வேண்டும், எழுதியது குளோன் செய்த அளவை ஒட்டி இருக்க வேண்டும். மணிநேரம் ஆயிரக்கணக்கில் இருந்தால் கோபி சொன்ன மாதிரி கவுன்டருக்குப் போகலாம். சீரியல் நம்பரைப் பில்லில் உள்ளதோடு ஒப்பிட்டு, தயாரிப்பாளரின் வாரண்டி பக்கத்திலும் போட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, பழைய 512 எங்கே? திருப்பிக் கொடுத்தார்களா?

ஈஜிபுரா_கவிதா

கிறிஸ்டலில் 9 மணிநேரம் காட்டுகிறது. சீரியல் பில்லோடு ஒத்துப்போகிறது. நிம்மதி.

பழையதைக் கொடுக்கவில்லை. கேட்கவும் தோன்றவில்லை.

எஸ்பிரோடு_வாசி

நாளைக்கே கேட்டு வாங்குங்கள். அது உங்கள் பொருள், அதுவும் நல்ல நிலையில் இருக்கும் பொருள். காசை விடுங்கள், அதில் தங்கையின் ஐடி கார்டு ஸ்கேன், போட்டோ, பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்ட் எல்லாம் அப்படியே இருக்கிறது. யார் கைக்குப் போகும் என்று தெரியாது. "எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்டோம்" என்று சொன்னால், பில்லில் அதற்குக் கழிவு எங்கே என்று கேளுங்கள்.

நித்யா_சிஸ்அட்மின்

எக்ஸ்டெண்ட் ஏன் மங்கலாக இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லையே. டிஸ்க் மேனேஜ்மென்ட் ஒரு பார்ட்டிஷனை நீட்ட வேண்டுமென்றால் காலி இடம் அதற்கு வலப்பக்கம் ஒட்டியே இருக்க வேண்டும். உங்களுக்கு சி-க்கும் காலி இடத்துக்கும் நடுவில் அந்த 1000 எம்பி ரிகவரி (விண்டோஸ் பூட் ஆகாதபோது உதவும் பகுதி) உட்கார்ந்திருக்கிறது. பக்கத்து வீட்டைத் தாண்டி இருக்கும் காலி மனையில் நம் வீட்டுச் சுவரை எழுப்ப முடியாது இல்லையா, அதுதான்.

ரிகவரியை அங்கே வைத்தது கடைக்காரரும் இல்லை. விண்டோஸுக்கு அடுத்தே ரிகவரி இருக்கட்டும் என்பது மைக்ரோசாஃப்டே பரிந்துரைக்கும் அமைப்பு, பின்னால் தேவைப்பட்டால் சி-யில் கொஞ்சம் குறைத்து ரிகவரியைப் பெரிதாக்க வசதி. 2024 ஜனவரியில் கேபி5034441 என்ற அப்டேட் ஏகப்பட்ட விண்டோஸ் 10 மெஷின்களில் 0எக்ஸ்80070643 என்ற பிழையோடு நின்றது நினைவிருக்கலாம். ரிகவரி பார்ட்டிஷனில் போதிய இடம் இல்லாததுதான் காரணம். 250 எம்பி கூட்டிக்கொள்ளச் சொல்லி மைக்ரோசாஃப்ட் செய்முறை வெளியிட்டது. எங்கள் ஆபீசில் அந்த வாரம் முழுக்க வேறு வேலை நடக்கவில்லை.

இப்போது கவிதாவுக்கு. வெள்ளிக்கிழமை சப்மிஷன் என்கிறீர்கள். அதற்கு முன்னால் சி-யையும் ரிகவரியையும் தொடவே தொடாதீர்கள். எவ்வளவு எளிய வேலையாக இருந்தாலும் சரி, நடுவில் கரண்ட் போனால், அல்லது பார்ட்டிஷன்களை மாற்றும் டிஸ்க்பார்ட் கட்டளையில் ஒரு எண் மாற்றித் தட்டினால், சப்மிஷன் போச்சு. இப்போதைக்கு அந்தக் கறுப்புப் பட்டை மேல் ரைட் கிளிக், நியூ சிம்பிள் வால்யூம், நெக்ஸ்ட் நெக்ஸ்ட் என்று போனால் டி என்று ஒரு டிரைவ் வந்துவிடும். ஏற்கனவே உள்ள எதையும் அது தொடாது. டவுன்லோட்ஸ், வீடியோ, பழைய செமஸ்டர் ஃபைல் எல்லாவற்றையும் டி-க்கு நகர்த்துங்கள். சி-யில் மூச்சு விட இடம் கிடைக்கும். மற்றதைச் சனிக்கிழமை பார்ப்போம்.

ஈஜிபுரா_கவிதா

ஒரு நிமிடத்தில் டி வந்துவிட்டது! 454 ஜிபி. தங்கை இப்போதே ரெண்டர் ஃபைல்களை நகர்த்திக்கொண்டிருக்கிறாள். நன்றி நித்யா, நன்றி அண்ணா. சனிக்கிழமை வருகிறேன்.

மர்ஃபிடவுன்_அந்தோணி

இந்த இழையிலேயே கேட்டுவிடுகிறேன். எனக்கும் இடம் காணோம் கேஸ்தான், ஆனால் வேறு மாதிரி. என் லேப்டாப்பில் 256 எஸ்எஸ்டி-யில் விண்டோஸ், கூடவே 1 டிபி ஹார்ட் டிஸ்க், அதுதான் டி. மூடியின் ஹிஞ்ச் உடைந்து சரிசெய்யக் கொடுத்தேன். வந்ததிலிருந்து டி-யே இல்லை. டிஸ்க் மேனேஜ்மென்டில் டிஸ்க் 0 மட்டும்தான், 238 ஜிபி. குழந்தையின் ஞானஸ்நான போட்டோ முழுக்க டி-யில்தான் இருக்கிறது. கடையில் கேட்டால் "நாங்க ஹிஞ்ச் மட்டும்தான் தொட்டோம்" என்கிறார்கள்.

எஸ்பிரோடு_வாசி

அந்தோணி, பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் செட்டப் திரை) அந்த 1 டிபி தெரிகிறதா? ஆன் செய்யும்போது எஃப்2 அல்லது டெலீட் அழுத்தி உள்ளே போய்ப் பாருங்கள், பிராண்டுக்குப் பிராண்டு சாவி மாறும்.

டிரைவ் எழுத்து மட்டும் போயிருந்தாலோ, டிஸ்க் ஆஃப்லைனில் இருந்தாலோ டிஸ்க் மேனேஜ்மென்டில் அந்த டிஸ்க் தெரிந்திருக்கும், ரைட் கிளிக்கில் தீர்ந்திருக்கும். பயாஸிலேயே இல்லை என்றால் ஒயர்தான். ஹிஞ்ச் மட்டும் தொட்டோம் என்பது நடக்காத கதை. நிறைய மாடல்களில் ஹிஞ்ச் ஸ்க்ரூ 2.5 இன்ச் டிஸ்க் உட்காரும் ட்ரேக்குப் பக்கத்திலேயே இருக்கும், ட்ரேயைத் தூக்காமல் ஸ்க்ரூடிரைவர் நுழையாது.

நித்யா_சிஸ்அட்மின்

கூடவே ஒரு எச்சரிக்கை. டிஸ்க் திரும்பத் தெரிய ஆரம்பித்து, விண்டோஸ் "இனிஷியலைஸ் செய்யவா?" என்று ஒரு பெட்டியைக் காட்டினால் ஓகே அழுத்தாதீர்கள். "ஃபார்மட் செய்ய வேண்டும்" என்றாலும் கேன்சல். ஏற்கனவே போட்டோ இருக்கும் டிஸ்க்குக்கு இரண்டுமே தேவையில்லை. அப்படிக் கேட்டால் ஒயரைத்தான் திரும்பச் சந்தேகப்பட வேண்டும், இல்லையென்றால் டிஸ்க்கே போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள்.

மர்ஃபிடவுன்_அந்தோணி

பயாஸிலும் இல்லை. அடிமூடியை நானே திறக்கலாமா, கடைக்கே போகட்டுமா?

எஸ்பிரோடு_வாசி

வாரண்டி போய்விட்டது என்றால் திறக்கலாம். ஷட்டவுன் செய்து, சார்ஜரைப் பிடுங்கி, மூடியைக் கழற்றியதும் முதல் வேலை பேட்டரி கனெக்டரை எடுப்பது. அதை எடுக்காமல் வேறு எதையும் தொடாதீர்கள். அப்புறம் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து போர்டுக்குப் போகும் பட்டையான ரிப்பன் கேபிளைப் பாருங்கள். போர்டு முனையில் ஒரு சின்ன லாட்ச் இருக்கும், கறுப்பாகவோ பழுப்பாகவோ. கேபிளை நேராக உள்ளே தள்ளி லாட்ச்சை மூட வேண்டும். கேபிள் முனையில் உள்ள கோடு சாக்கெட் விளிம்புக்கு இணையாக இருக்க வேண்டும். சாய்ந்திருந்தால் சரியாக உட்காரவில்லை. கடைக்கே எடுத்துப்போனாலும் உங்கள் முன்னாலேயே திறக்கச் சொல்லுங்கள்.

பெங்குயின்_செல்வம்

கவிதாவின் கேஸில் நடுவில் இருக்கும் ரிகவரியை அழிக்காமலேயே நகர்த்தலாம். ஜிபார்ட்டெட் என்ற பார்ட்டிஷன் மென்பொருளின் லைவ் யுஎஸ்பி-யில் பூட் செய்து, ரிகவரியைக் கடைசிக்கு இழுத்து, சி-யை நீட்டினால் முடிந்தது. இலவசம், ஓப்பன் சோர்ஸ். குளோன் செய்த டிஸ்க்கில் திறக்கும்போது "டிஸ்க்கின் முழு இடமும் பயன்படுத்தப்படவில்லை, ஜிபிடி-யைச் சரிசெய்யவா" என்று அது கேட்பதுண்டு, ஃபிக்ஸ் கொடுக்கலாம். ஜிபிடி என்பது டிஸ்க்கின் பார்ட்டிஷன் டேபிள், தன் நகல் ஒன்றை டிஸ்க்கின் கடைசியில் வைத்துக்கொள்ளும். சிறிய டிஸ்க்கின் கடைசி, பெரிய டிஸ்க்கில் நடுவாகிவிடுகிறது, அதனால்தான் அந்தக் கேள்வி.

லினக்ஸ்காரர்களுக்கும் ஒரு காணாமல் போன கணக்கு உண்டு. இஎக்ஸ்டி4 என்ற லினக்ஸ் ஃபைல் சிஸ்டத்தில் ஃபார்மட் செய்தால் 5 சதவீதத்தை ரூட்டுக்கு (நிர்வாகி அக்கவுண்டுக்கு) என்று ஒதுக்கி வைத்துவிடும். 1 டிபி-யில் அது 50 ஜிபி-க்குப் பக்கம். டேட்டா மட்டும் வைக்கும் பார்ட்டிஷன் என்றால் டியூன்2எஃப்எஸ் கொண்டு 1 சதவீதமாகக் குறைத்துக்கொள்ளலாம்.

நித்யா_சிஸ்அட்மின்

செல்வம், சி-யில் பிட்லாக்கர் (டிஸ்க்கில் உள்ளதை என்கிரிப்ட் செய்து பூட்டும் விண்டோஸ் வசதி) போட்டிருந்தால் ஜிபார்ட்டெட் அதை நீட்டாது. இப்போது வரும் லேப்டாப்களில் டிவைஸ் என்கிரிப்ஷன் என்ற பெயரில் அது தானாகவே ஆன் ஆகியிருப்பது அதிகம், வைத்திருப்பவருக்கே தெரியாது. கவிதா, செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டியில் பாருங்கள். ஆன் என்று இருந்தால் 48 இலக்க ரிகவரி கீ மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் இருக்கிறதா என்று பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். போனில் ஸ்கிரீன்ஷாட்டும் எடுங்கள். அதே லேப்டாப்பில் மட்டும் சேமித்து வைத்துப் பயனில்லை.

வைட்ஃபீல்ட்_வழிப்போக்கன்

எனக்கு பார்ட்டிஷன் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. சர்வீஸில் விண்டோஸை ரீஇன்ஸ்டால் செய்து கொடுத்தார்கள். ஃபோல்டர் ஃபோல்டராகக் கூட்டினால் 80 ஜிபி, சி-யில் பயன்படுத்தியது 150 என்கிறது. மீதி 70?

பைனரி_பாலா

எந்த ஃபோல்டர் எவ்வளவு இடம் என்று காட்டும் விஸ்ட்ரீ மென்பொருளை ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் கொடுத்து ஓட்டுங்கள், பெரியது மேலே வந்து நிற்கும். என் ஊகம்: விண்டோஸ்.ஓல்டு. பழைய விண்டோஸ் மேலேயே புதியதைப் போட்டால் பழையதை அந்த ஃபோல்டரில் தள்ளி வைக்கும். அப்கிரேடு என்றால் 10 நாளில் தானாக அழிந்துவிடும். இல்லையென்றால் டிஸ்க் கிளீனப்பில் கிளீனப் சிஸ்டம் ஃபைல்ஸ் கொடுத்து, ப்ரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன் என்பதை டிக் செய்யுங்கள். அழிக்கும் முன் உள்ளே உங்கள் பழைய டாக்குமெண்ட்ஸ் இருக்கிறதா பார்த்துவிடுங்கள், அந்த வழி திரும்பி வராத வழி.

அடுத்தது ஹைபர்ஃபில். ஹைபர்னேஷனுக்காக ராமில் சுமார் 40 சதவீதம் அளவுக்கு டிஸ்க்கில் பிடித்து வைக்கும், 16 ஜிபி ராம் என்றால் 6 ஜிபி-க்கு மேல். அப்புறம் பேஜ்ஃபைல், ரீஸ்டோர் பாயிண்ட், அப்டேட்டுக்கென்று ஒதுக்கிய ரிசர்வ்டு ஸ்டோரேஜ் சுமார் 7 ஜிபி. எல்லாம் மறைந்திருக்கும் ஃபைல்கள், ஃபோல்டர் கூட்டலில் வராது.

வைட்ஃபீல்ட்_வழிப்போக்கன்

விண்டோஸ்.ஓல்டு 52 ஜிபி. துடைத்தாயிற்று. நன்றி பாலா.

மர்ஃபிடவுன்_அந்தோணி

திறந்தேன் அண்ணா. கேபிள் சாக்கெட்டுக்குள்தான் படுத்திருந்தது, பார்த்தால் மாட்டியது போலவே இருக்கிறது. ஆனால் கறுப்பு லாட்ச் நிமிர்ந்து நின்றது. விரலால் லேசாக இழுத்தேன், கேபிள் கையோடு வந்துவிட்டது. நேராக்கிச் செருகி, லாட்ச்சை நகத்தால் அமுக்கினேன், டிக் என்று மூடியது. ஆன் செய்ததும் டி வந்துவிட்டது. போட்டோ எல்லாம் இருக்கிறது. மனைவியிடம் இப்போதுதான் விஷயத்தையே சொன்னேன்.

எஸ்பிரோடு_வாசி

நல்லது தம்பி. ஹிஞ்ச் உடையும் அளவுக்கு லேப்டாப் கீழே விழுந்திருந்தால் ஹார்ட் டிஸ்க்கையும் கிறிஸ்டலில் ஒருமுறை பாருங்கள். ரீஅலகேட்டட் அல்லது பெண்டிங் செக்டார் என்று மஞ்சள் காட்டினால் இன்றைக்கே போட்டோவை வேறு இடத்தில் எடுத்து வையுங்கள்.

ஈஜிபுரா_கவிதா

சப்மிஷன் முடிந்தது. ஆள் தூங்குகிறாள். லேப்டாப் என் கையில். டிவைஸ் என்கிரிப்ஷன் ஆஃப் என்றுதான் இருக்கிறது. இப்போது சொல்லுங்கள், சி-யோடு சேர்த்துவிடலாமா, டி-யை அப்படியே விட்டுவிடலாமா?

கோரமங்களா_கோபி

விட்டுவிடுங்கள். விண்டோஸ் கெட்டுப்போனால் சி-யை மட்டும் ஃபார்மட் செய்தால் போதும், டி பத்திரமாக இருக்கும். எங்கள் அப்பா காலத்து பிசி-யிலிருந்து இதுதான் வழக்கம்.

நித்யா_சிஸ்அட்மின்

ஃபார்மட்டுக்கு அது வசதி, மறுக்கவில்லை. ஆனால் டி-யில் இருக்கிறது, பத்திரம் என்று நினைப்பதுதான் ஆபத்து. இரண்டும் ஒரே சிப்பில். எஸ்எஸ்டி போனால் இரண்டும் சேர்ந்தே போகும். பேக்கப் என்பது லேப்டாப்புக்கு வெளியே இருப்பது. இன்னொரு பக்கம், கட்டடக்கலை மென்பொருள்கள் லைப்ரரி, கேஷ் என்று எல்லாவற்றையும் சி-யில்தான் கொட்டும். ஒன்றொன்றாக டி-க்குப் பாதை மாற்றிக்கொண்டிருக்க அந்தப் பெண்ணுக்கு நேரம் இருக்காது. நான் என்றால் சேர்ப்பேன்.

ஈஜிபுரா_கவிதா

சேர்க்கத்தான் சொல்கிறாள். வழி சொல்லுங்கள்.

நித்யா_சிஸ்அட்மின்

முதலில் டி-யில் உள்ளதையும் முக்கியமான எல்லாவற்றையும் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் காப்பி செய்யுங்கள். டி-யை அழிக்கப்போகிறோம். சார்ஜர் மாட்டியே இருக்கட்டும். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தருகிறேன், ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

டிஸ்க் மேனேஜ்மென்டில் டி மேல் ரைட் கிளிக், டெலீட் வால்யூம். பிறகு கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினாகத் திறந்து "ரீஏஜென்ட்சி /இன்ஃபோ". எனேபிள்டு என்று வரும், ரிகவரி எத்தனையாவது பார்ட்டிஷனில் இருக்கிறது என்பதும் தெரியும். உங்களுக்கு 4 ஆக இருக்க வேண்டும், அந்த மறைந்த 16 எம்பி-யையும் சேர்த்து எண்ணுகிறது. அடுத்து "ரீஏஜென்ட்சி /டிஸேபிள்". இது ரிகவரியின் உள்ளடக்கத்தைச் சி-க்குள் எடுத்து வைத்துக்கொள்ளும். விண்டோஸ், சிஸ்டம்32, ரிகவரி ஃபோல்டரில் வின்ஆர்இ.விம் என்ற ஃபைல் வந்திருக்கிறதா பாருங்கள், மறைந்த ஃபைல் என்பதால் ஹிடன் ஐட்டம்ஸ் காட்டும்படி வைக்க வேண்டும். வரவில்லை என்றால் அங்கேயே நின்று இங்கே எழுதுங்கள்.

வந்திருந்தால் "டிஸ்க்பார்ட்", "லிஸ்ட் டிஸ்க்", "செலக்ட் டிஸ்க் 0", "லிஸ்ட் பார்ட்டிஷன்". எக்ஸ்டர்னல் டிஸ்க்கை இதற்கு முன்பே பிடுங்கிவிடுங்கள், எண் குழம்பக் கூடாது. 1000 எம்பி, ரிகவரி என்று காட்டும் வரியின் எண்ணைச் செலக்ட் செய்து "டெலீட் பார்ட்டிஷன் ஓவர்ரைடு". இந்த ஒரு வரிதான் பயப்பட வேண்டிய வரி. எண்டருக்கு முன் அளவைத் திரும்பப் படியுங்கள்.

இப்போது டிஸ்க் மேனேஜ்மென்டில் சி-க்குப் பக்கத்திலேயே காலி இடம் இருக்கும், எக்ஸ்டெண்ட் வால்யூம் உயிர் பெற்றிருக்கும். முழுவதையும் கொடுத்துவிடாதீர்கள், அது காட்டும் எண்ணில் 1024 எம்பி குறைத்துக் கொடுங்கள். மிஞ்சியதில் ரிகவரி பார்ட்டிஷனைத் திரும்ப உருவாக்க வேண்டும். அதற்கு டிஸ்க்பார்ட்டில் ஒரு நீளமான ஐடி கொடுக்க வேண்டும், மைக்ரோசாஃப்டின் ரிகவரி பார்ட்டிஷன் செய்முறைப் பக்கத்திலிருந்து காப்பி செய்யுங்கள், கையால் தட்டாதீர்கள். கடைசியாக "ரீஏஜென்ட்சி /எனேபிள்".

பெங்குயின்_செல்வம்

திரும்ப உருவாக்கத்தான் வேண்டுமா? அதை இல்லாமலே ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்களே.

நித்யா_சிஸ்அட்மின்

ஓடும். எனேபிள் கொடுத்தால் சி-க்குள்ளேயே இடம் பிடித்துக்கொள்ளும். ஆனால் பின்னால் பிட்லாக்கர் போட்டால் தனிப் பார்ட்டிஷன்தான் சரி. விண்டோஸ் பூட் ஆகாத அன்று தேவைப்படும் ஒரு ஜிபி அது, 930-இல் அதையா மிச்சம் பிடிப்பது?

ஈஜிபுரா_கவிதா

முடிந்தது. சி இப்போது 930 ஜிபி, ரிகவரி கடைசியில் ஒரு ஜிபி, இன்ஃபோ கொடுத்தால் எனேபிள்டு என்று வருகிறது. சிவப்புக் கோடு போய் நீலமாகிவிட்டது. டெலீட் ஓவர்ரைடு வரியில் கை நடுங்கியது உண்மை.

மதியம் மெட்ரோவில் சிக்பேட்டில் இறங்கிக் கடைக்கும் போய் வந்தேன். சி-யை நீட்டாமல் ஏன் கொடுத்தீர்கள் என்றதற்கு "அதுக்குத் தனி சார்ஜ் மேடம்" என்றார். நானே செய்துவிட்டேன் என்று டிஸ்க் மேனேஜ்மென்ட் போட்டோவைக் காட்டினேன், பேசவில்லை. பழைய எஸ்எஸ்டி டிராயரில்தான் இருந்தது, பெயர் எழுதாமல் இன்னும் நாலைந்தோடு. பழைய பில்லில் சீரியல் இருந்ததால் எடுத்துக் கொடுத்தார். இதை வெளியே வைத்துப் பயன்படுத்த எதில் போடுவது?

எஸ்பிரோடு_வாசி

எம்.2 எஸ்எஸ்டி-க்கான யுஎஸ்பி என்க்ளோஷர் வாங்குங்கள். எம்.2 வடிவத்திலேயே சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு வகை இருக்கிறது, என்க்ளோஷரும் அதற்கேற்ப மாறும். சிப்பின் ஸ்டிக்கரில் எது என்று போட்டிருக்கும். நீளத்தையும் பாருங்கள், 2280 என்றால் 80 மில்லிமீட்டர், 2242 என்றால் 42. ஞாயிற்றுக்கிழமை அங்கே பெரும்பாலான கடை பூட்டியிருக்கும், திங்கட்கிழமை போங்கள். இன்னும் ஒரு மாதம் அதில் எதையும் அழிக்காமல் வையுங்கள். புதியது ஏதாவது மக்கர் செய்தால் டீ கொட்டிய நாள் வரைக்குமான பேக்கப் கையில் இருக்கும்.